மாஸ்டர் சொல்லாத சொல்

கார் பழக்குகிற மாஸ்டர் ஒருவர், பழக வந்தவளை நடுவழியில் இறக்கிவிடுவாரா? எங்கள் மாஸ்டர் இறக்கிவிடுவார். என்னை இறக்கிவிட்டார், அதுவும் மழைக்குள். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற டவுனுக்குள் நுழைகிற ரவுண்டபவுட்டில் ஒருவன் சிக்னல் போடாமல் குறுக்கே புகுந்தான். "இந்தக் காப்பிலிக்குக் கண் தெரியாதோ?" என்று கத்தினேன். ஆபிரிக்க ஆட்களைக் கண்டால் எங்கள் யாழ்ப்பாணத்துச் சனத்தின் வாயில் தானாக வருகிற சொல் அது. மரியாதை இல்லாத சொல் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சொல்லுவோம்.

மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை மிதித்தார். இடப்பக்கம் ஓரங்கட்டச் சொன்னார். ஓரங்கட்டினேன்.

"இறங்குங்கோ தங்கச்சி."

"என்ன மாஸ்டர்?"

"இண்டைக்குப் பழகினது காணும். இறங்குங்கோ."

"நான் கெட்ட எண்ணத்திலை சொல்லேல்லை. ஊரிலை எல்லாரும் சொல்லுறதுதானே. பழக்கம்."

"என்னைக் கொழும்பிலை பஸ்ஸாலை இறக்கினவனும் பழக்கத்திலைதான் ஒரு சொல் சொன்னவன். இறங்குங்கோ."

இரண்டு பிள்ளை பெற்றவள் நான். ஜேர்மனியில் பனிக்குள் சைக்கிள் உழக்கி வீடு வீடாகப் பேப்பர் போட்டவள். பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு மாறி வந்தவள். என்னை அதுவரை ஒருவரும் அப்படி இறக்கிவிட்டதில்லை. பஸ் தரிப்பில் நனைந்துகொண்டு நின்று நான் அவரைத் திட்டின திட்டை இங்கே எழுத ஏலாது. இனி அந்த மனுசனின் காரில் கால் வைப்பதில்லை என்று வீட்டில் போய்ச் சபதம் போட்டேன். அடுத்த கிழமை வழக்கமான நேரத்துக்கு வாசலில் ஹோர்ன் அடித்தது. ஒன்றுமே நடக்காதது போல இருந்தார். "சீட் பெல்ட்டைப் போடுங்கோ" என்றார். என்ன செய்வது, போய் ஏறினேன்.

ஆள் சின்ன ஆள். கழுத்துப் பொத்தான் வரை பூட்டின சேர்ட். காருக்குள் எப்போதும் இஞ்சி இனிப்பு ஒரு டப்பா இருக்கும். நாங்கள் பதறினால் ஒன்றை எடுத்து நீட்டுவார், தானும் ஒன்றை வாயில் போடுவார். டெஸ்டில் தோற்று அழுகிற பெண்களிடம், "கார் எங்கையும் ஓடிப் போகாது, அடுத்த முறை எடுப்பம்" என்பார். குரல் உயராது. எந்தப் பிழைக்கும் ஏசமாட்டார். பக்கக் கண்ணாடியை இடித்து உடைத்தவளைக்கூட ஏசவில்லை. ஆனால் ஆட்களைக் குறித்து வாய் கோணினால் போச்சு, அந்த நிமிடமே கார் நின்றுவிடும்.

காப்பிலிக்கு மட்டும்தான் என்றில்லை. எங்கள் ஆட்களிடம் ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு பட்டம் இருக்கிறதே, எதையும் விடமாட்டார். முஸ்லிம் ஆட்களைச் "சோனி" என்றால் நிற்பாட்டுவார். இந்தியத் தமிழரை "வடக்கத்தியான்" என்றால் நிற்பாட்டுவார். போலந்துக்காரர், ருமேனியாக்காரர் எல்லாரையும் ஒரே கூடைக்குள் போட்டு "வெள்ளையள்" என்று இழுத்தால், "போலந்து வேறை, ருமேனியா வேறை. உங்களைச் சிங்களவர் எண்டு சொன்னால் பேசாமல் இருப்பியளோ?" என்று கேட்பார். ஆபிரிக்கா என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லவும் விடமாட்டார். "கானா எண்டால் கானா. சோமாலியா எண்டால் சோமாலியா. அவையள் தங்களை என்னெண்டு சொல்லினமோ அதைத்தான் நாங்களும் சொல்லோணும். வேறை ஒண்டும் பெரிய படிப்பில்லை." இதை அவர் சொல்லிக் கேளாத மாணவி கிழக்கு லண்டனில் இருக்கமாட்டாள்.

அவரும் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டார். அதை மறைக்காமல் தானே சொல்லிச் சிரிப்பார். டெஸ்ட் எடுக்கிற இடத்துக்குப் புதிதாக ஓர் எக்ஸாமினர் வந்திருந்தார், கறுப்பினத்தவர். மரியாதையாக நாட்டின் பெயரைச் சொல்லிக் கதைக்க வேண்டும் என்ற ஆசையில் மாஸ்டர் போய், "நீங்கள் எந்த நாடு?" என்று விசாரித்திருக்கிறார். "சட்டன்" என்றாராம் அந்த மனுசன், லண்டனுக்குள்ளேயே இருக்கிற ஓர் இடத்தை. "அதில்லை, அதுக்கு முதல்?" "அதுக்கு முதலும் சட்டன்தான். அங்கேதான் பிறந்தேன்." மாஸ்டருக்கு முகம் கறுத்துவிட்டது. "எங்கட பிள்ளையளிட்டை ஆரும் இப்பிடிக் கேட்டால் எனக்குப் பத்தும். நானே போய்க் கேட்டிருக்கிறன் பாருங்கோ. அவர் சட்டன்காரர். அவ்வளவுதான்" என்றார். அதற்குப் பிறகு யாரிடமும் நாடு கேட்பதையே விட்டுவிட்டார்.

அவரோடு ஒரு கலியாண வீட்டுக்குப் போய் நான் பட்ட பாடு வேறு. அப்டன் பார்க் பக்கத்து மண்டபம். சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய மனுசன், சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, "சமையல் ஆர், தோட்டக்காட்டானோ?" என்று உரத்துக் கேட்டார். தேயிலைத் தோட்டத்து மலையகத் தமிழரை எங்கள் ஆட்கள் இளக்காரமாகச் சொல்லுகிற பட்டம் அது. மாஸ்டர் கையை உதறிவிட்டு எழுந்தார். "மலையகத் தமிழர் எண்டு சொல்லப் பழகுங்கோ" என்று அவருக்குச் சொல்லிவிட்டு, மணமக்களைக்கூடப் பார்க்காமல் வாசலுக்கு நடந்தார். பின்னாலேயே அவர் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல பட்டுச் சேலையும் கொண்டையுமாக, பசியோடு.

"இந்தாளோடை ஒரு வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட ஏலாது தங்கச்சி. அந்த வடையை எண்டாலும் திண்டிட்டு எழும்பியிருக்கலாம். வடை என்ன பாவம் செய்தது?" என்று கார் வரை புறுபுறுத்துக்கொண்டே வந்தார். மாஸ்டர் கோபத்தை மறந்து சிரித்துவிட்டார். கடைசியில் மூன்று பேரும் ஒரு கடையில் கொத்து ரொட்டி தின்றோம். அக்காவின் வாயில் அப்படிப்பட்ட சொல் ஒன்றை நான் அன்றும் கேட்டதில்லை, அதற்கு முன்பும் கேட்டதில்லை. புருஷனுக்குப் பயந்து அல்ல. அவர் சுபாவமே அப்படி என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த அக்காவுக்கு டிமென்ஷியா வந்தது.

முதலில் சாவியை மறந்தார். பிறகு அடுப்பை மறந்தார். பிறகு மகன் அவுஸ்திரேலியாவில் இருப்பதை மறந்தார். மறதி எல்லாருக்கும் தெரிந்த கதைதான், அதை நான் நீட்டவில்லை. யாருக்கும் தெரியாதது என்னவென்றால், புதியவை எல்லாம் அழிய அழிய, அடியில் கிடந்த பழையவை மேலே வரும் என்பது. அக்காவின் சின்ன வயதில் அவருடைய வீட்டில் என்னென்ன சொல்லைச் சொல்லிக் கதைத்தார்களோ, அத்தனையும் ஒன்றுவிடாமல் திரும்பி வந்தது. காப்பிலி, சோனி, தோட்டக்காட்டான், இன்னும் நான் எழுதக் கூசுகிற சாதிப் பெயர்கள். பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், கவுன்சில் ஆட்களுக்கு முன்னால். குழந்தை போல முகத்தை வைத்துக்கொண்டு, கணீரென்று சொல்லுவார்.

மாஸ்டர் ஒரு நாள் பொறுக்க முடியாமல் சத்தம் போட்டுவிட்டார். அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதார். எதற்கு ஏச்சு வாங்குகிறோம் என்று அவருக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கப்படுத்துவது என்று மாஸ்டருக்கும் தெரியவில்லை. "ஊரெல்லாம் திருத்தினன் தங்கச்சி. இவவை இறக்கிவிட எனக்கு இடமில்லை" என்று என்னிடம் சொன்னார்.

மகன் போனில் ஒரே பிடியாக நின்றான், ஒரு முதியோர் ஹோமில் சேர்த்துவிடுங்கள் என்று. ஆனால் அக்கா நல்ல நினைவோடு இருந்த காலத்திலேயே மாஸ்டரின் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார்: "என்னை ஒரு ஹோமிலை மட்டும் விட்டிடாதேங்கோ." மாஸ்டர் விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் வீட்டுக்குக் கெயரர் வர வேண்டும். குளிப்பாட்ட, உடுப்பு மாற்ற, சாப்பாடு ஊட்ட ஆள் வேண்டும். மாஸ்டருக்கும் முதுகு போய்விட்டது, தனியாகத் தூக்க ஏலாது. வருகிற கெயரர் நின்றால் அக்கா வீட்டில். நிற்காவிட்டால் ஹோம். கணக்கு அவ்வளவுதான்.

கெயரர் கொம்பனி முதலில் எங்கள் ஆளையே அனுப்பியது. மொழி தெரிந்த பிள்ளை, சுகமாக இருக்கும் என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அதுதான் பிழையாகப் போனது. குளியலறையில் வைத்து அக்கா அந்தப் பிள்ளையைக் கேட்டார்: "நீர் ஊரிலை எவடம்?" பிள்ளை ஊரைச் சொன்னது. "அதிலை எந்தப் பக்கம்? கோயிலடியோ, அங்காலையோ?" வெளியில் நின்று கேட்பவருக்கு இது நலம் விசாரிப்பு. எங்கள் ஆட்களுக்குத் தெரியும், இது சாதியைத் தோண்டுகிற கேள்வி. பிள்ளை முதுகுக்குச் சோப்புப் போடத் தொடங்கியது. அக்கா தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, ஒரு சொல்லைச் சொல்லி, "என்னைத் தொடாதை" என்று கையைத் தட்டிவிட்டார்.

அந்தப் பிள்ளை சோப்பை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது. "அங்கிள், இதைக் கேக்கிறதுக்கு நான் இவ்வளவு தூரம் வந்திருக்கத் தேவையில்லை" என்றது. மாஸ்டர் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அது போய்விட்டது. யார்தான் நிற்பார்கள்?

பிறகு வந்தவர் அபெனா. கானா நாட்டவர், என் வயதுதான் இருக்கும். கதவைத் திறந்து உள்ளே வரும்போதே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவார். அந்தப் பாட்டில் அக்காவுக்கு என்ன பிடித்ததோ, ஆள் அப்படியே மசிந்துவிட்டார். குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர் அபெனாவின் கையைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து போனார். அபெனா ஊட்டினால் முழுக் கோப்பையும் முடியும். மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அக்கா அபெனாவை என்ன சொல்லிக் கூப்பிட்டார்? "காப்பிலி, இஞ்சை வா. காப்பிலி, சீப்பை எடுத்து எனக்குத் தலை இழுத்துவிடு." ஆசையாகத்தான் கூப்பிட்டார். கன்னத்தைத் தடவிக்கொண்டு கூப்பிட்டார்.

ஒரு நாள் அபெனா மாஸ்டரிடம் கேட்டார், அம்மா என்னைக் கூப்பிடுகிறாரே, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று.

மாஸ்டர் எனக்குப் போன் பண்ணினார்.

"மகள் எண்டு அர்த்தம் எண்டு சொல்லிப்போட்டன் தங்கச்சி."

"ஐயோ மாஸ்டர்! நீங்களோ?"

"நான்தான். வேறை என்னத்தைச் சொல்ல? உண்மையைச் சொன்னால் நாளைக்கு அவ வரமாட்டா. இவவை ஹோமுக்குக் கொண்டுபோவாங்கள். நான் வாக்குக் குடுத்தனான்."

ஒரு சொல்லுக்காகக் கலியாணச் சோற்றை விட்டு எழுந்த மனுசன், அதைப் போன்ற இன்னொரு சொல்லுக்குப் பொய்யாக ஒரு பொருள் சொல்லிவிட்டு வீட்டுக்குள் குன்றிப்போய் இருந்தார். அன்றிலிருந்து அபெனா வருகிற நேரத்தில் மாஸ்டர் சமையலறையை விட்டு வெளியே வரமாட்டார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பார். அந்தக் கூப்பாடு காதில் விழாமல் இருக்கத்தான்.

நான் வேலை செய்வது அப்டன் பார்க்கில் ஒரு தமிழ்க் கடையில். ஒரு சனிக்கிழமை, கடை நிறையச் சனம். அபெனா உள்ளே வந்தார். அக்காவுக்கு முறுக்குப் பிடிக்கும் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார், தன் பாட்டில் தேடிக்கொண்டு வந்திருக்கிறார் பாவம். என்னை மாஸ்டர் வீட்டில் கண்ட பழக்கத்தில் சந்தோஷமாகக் கையைக் காட்டினார். முறுக்குப் பையை மேசையில் வைத்துவிட்டு, "அம்மாவுக்குத் தன் காப்பிலி வாங்கி வந்தது என்று சொன்னால் உடனே சாப்பிடுவார்" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார்.

பின்னால் நின்ற இரண்டு பேர் குபீரென்று சிரித்தார்கள். "கேட்டியளோ, தானே சொல்லுறாள்!" என்றான் ஒருவன்.

"வாயைப் பொத்தடா! சாமானை வாங்கினால் வாங்கு, இல்லாட்டி வெளியிலை போ!" என்று நான் போட்ட சத்தத்தில் கடை முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அபெனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏன் சிரிக்கிறார்கள், நான் சரியாகச் சொல்லவில்லையா என்று கேட்டார். அது மாஸ்டர் சொல்ல வேண்டியது. அவர்கள் மடையர்கள் என்று மட்டும் சொன்னேன். அபெனா தலையாட்டினார். பிறகு, முறுக்குப் பையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு அந்தச் சொல் அவ்வளவு பிடித்துவிட்டது. வீட்டில் என் சின்ன மகளையும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறேன்."

வேலை முடிய நேரே மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். கதவடியிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் சிரித்ததைச் சொல்லும்வரை நின்றுகொண்டு கேட்டார். மகள் கதையைச் சொன்னதும் படியில் அப்படியே குந்திவிட்டார்.

"அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்திலை போய்ச் சொல்லும். எங்கட பிள்ளையள் சிரிக்கும்" என்றார். பிறகு, "நாளைக்குக் காலமை சொல்லிப்போடுவன். நீங்களும் வந்து நில்லுங்கோ தங்கச்சி. தனியச் சொல்ல எனக்கு ஏலாது" என்றார்.

போனேன். அபெனா அக்காவைக் குளிப்பாட்டி, தலை இழுத்து, கஞ்சி ஊட்டி முடிக்கும்வரை மாஸ்டர் பொறுத்திருந்தார். பிறகு கூப்பிட்டு, நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு மகள் என்று பொருள் இல்லை, அது உங்கள் மக்களை இழிவாகச் சொல்லுகிற சொல், நான் பொய் சொன்னேன், உங்கள் மகளை அப்படிக் கூப்பிட வேண்டாம் என்றார்.

அபெனா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அவவுக்கு ஒன்றும் தெரியாது. அவவுக்கு நினைவு இல்லை. அவவை மன்னியுங்கள்" என்றார் மாஸ்டர்.

"அம்மாவை எனக்குத் தெரியும். இதைவிட மோசமாக ஏசுகிறவர்களையும் நான் குளிப்பாட்டுகிறேன்" என்றார் அபெனா. "ஆனால் பொருளை நான் அம்மாவிடம் கேட்கவில்லை. உங்களிடம்தான் கேட்டேன்."

அறைக்குத் திரும்பிப் போனார். அக்காவின் வாயை இன்னொரு முறை துடைத்தார், போர்வையை இழுத்துவிட்டார், நெற்றியில் கை வைத்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்க்காமல் வெளியே போனார். அதன் பிறகு வரவில்லை. கொம்பனி வேறு ஆட்களை மாற்றி மாற்றி அனுப்பியது. "அவ வராததுதான் சரி. நானெண்டாலும் வரமாட்டன்" என்று மாஸ்டர் சொன்னார். யாரிடமும் போய்க் கெஞ்சவில்லை.

அக்காவுக்கு யார் போய்ச் சொல்வது? காலையில் கண் விழித்ததும் வாசலைப் பார்ப்பார். "காப்பிலி எங்கை?" புது ஆட்கள் கரண்டியை நீட்டினால் பல்லைக் கடித்துக்கொள்வார். மாஸ்டர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு நாளும் பாடம் எடுத்தார். "அபெனா எண்டு சொல்லும். அபெனா. எங்கை, ஒருக்காச் சொல்லும் பாப்பம்." என் போன்ற மக்குகளுக்கே ரவுண்டபவுட் பழக்கின பொறுமை. அக்கா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார். கடைசியில், "அது ஆர்?" என்பார். ஆள் மெலிந்து சேலைச் சுருள் போல ஆகிவிட்டார். இப்படியே சாப்பிடாவிட்டால் ஹோமில்தான் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நேர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

நான் இடியப்பமும் சொதியும் கொண்டு போன ஒரு மத்தியானம். மாஸ்டர் கட்டிலில் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து, சொதியில் குழைத்த இடியப்பத்தைக் கரண்டியில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தார். அக்கா தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இஞ்சேரும், ஒரு வாய்."

"மாட்டன். காப்பிலி வரட்டும்."

"அபெனா வருவா. நீர் சாப்பிடும்."

"அவள் வேண்டாம். எனக்குக் காப்பிலிதான் வேணும்" என்று அக்கா விம்மத் தொடங்கினார். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. மாஸ்டர் கரண்டியைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். குனிந்து சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடுவது போலப் பாசாங்கு பண்ணினேன்.

என் காதில் விழக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, அக்காவின் காதோடு குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"காப்பிலி வந்துகொண்டிருக்கிறா. வாயைத் திறவும்."

அக்கா வாயைத் திறந்தார்.